டேப்பின் முதல் நாலு நிமிஷம்

கையில என்ன தம்பி அது, சாமிக் கயிறா? ஒயரு. செவப்பு ஒயரு. நான் ஏறும்போதே பார்த்தேன். பார்த்ததும் வேற சீட்டு இருக்கான்னு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு தடவை நடந்தேன், கண்டக்டரே என்னா சார் தேடறீங்கன்னு கேட்டாரு. இல்ல. ஓசூர்ல இருந்து மெட்ராஸ் வரைக்கும் இந்த முட்டியை வெச்சிக்கிட்டு நின்னுக்கிட்டா போக முடியும்? அதான் உன் பக்கத்துல உட்கார்ந்தேன். தப்பா எடுத்துக்காத. உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த ஒயரைப் பார்த்தாலே எனக்கு ஆகாது, அவ்வளவுதான்.

எதுக்குக் கட்டியிருக்க? பிரஸ் பங்க். ஓகோ. அப்படின்னா என்ன? சொல்லேன் கேப்போம், ஆறு மணி நேரம் இருக்கு. ஒரு வகைப் பாட்டா, சரி. அம்பத்தூர்ல பொறந்திச்சா, சரி. தொண்ணூத்தெட்டுலயா, சரி. கம்பெனியில தகடு வெட்டற பவர் பிரஸ்ஸையே டிரம்மா அடிச்சாங்களா, ரொம்ப சரி. ராகம் கிடையாது, தாளம் மெஷினோட தாளம், இருபத்தேழாவது அடியில எல்லாரும் சேர்ந்து ஒரு கத்து கத்தணும், கத்தினதும் பாட்டு முடிஞ்சிடும். ஏன் இருபத்தேழு? என்னது? நட்சத்திரம் இருபத்தேழா? எவன் சொன்னான்? நெட்ல ஒருத்தர் எழுதியிருக்காரா. அசுவினி, பரணின்னு வரிசையா போட்டு எந்த அடி எந்த நட்சத்திரம்னு பட்டியலே குடுத்திருக்காரா! கருமம்டா சாமி. கருமம். தண்ணி இருந்தா குடு தம்பி.

உன் பனியன்ல 'ரிஜெக்ட் பீஸ்'னு போட்டிருக்கு. அது எங்க பேண்டு. அதுல கிதார் வாசிச்சவன் பேரு என்ன? எதிராஜ். ஆமா. அந்த எதிராஜ் நான்தான். என்ன சிரிக்கிற? செத்துட்டானா? எங்க போட்டிருக்கு, காட்டு. 'இரண்டாயிரத்து நாலில் மறைந்தார்.' நல்லா இருக்குப்பா. மறைஞ்சவன் ஓசூர்ல ஒரு கம்பெனியில சேஃப்டி ஆபீசரா இருக்கான், இந்தா ஐடி கார்டு, பேரைப் பார், போட்டோவைப் பார், பார்த்துட்டுக் குடு. திங்கக்கிழமை திங்கக்கிழமை புதுசா சேர்ற ஆளுங்களுக்கு வகுப்பு எடுக்கறேன். மெஷின்ல ரெண்டு பட்டன் வெச்சிருக்கிறது ரெண்டு கையும் வெளிய இருக்கறதுக்குப்பா, ஒண்ணை ஒயர் போட்டுக் கட்டிட்டா ஒரு கை சும்மா கிடக்கும், சும்மா கிடக்கிற கைதான் உள்ள போகும். இதைத்தான் பதினெட்டு வருஷமா சொல்லிட்டு இருக்கேன். என் வகுப்புல ஒருத்தன் கொட்டாவி விட்டாலும் வெளிய அனுப்பிடுவேன்.

இப்ப எதுக்கு மெட்ராஸ் போறேன்னா, இதோ, இந்தக் கவருக்காக. ஜெசிந்தா அனுப்பினது. பாடினவ, உனக்குத் தெரிஞ்சிருக்கும். எங்க பழைய டேப்பை அவ ரெக்கார்டா போடப் போறா. பெரிய கறுப்புத் தட்டு, இப்ப மறுபடி அதுதானாமே நாகரிகம். உள்ள இருக்கிற பேப்பர்ல ரெண்டு கட்டம் இருக்கு பார். ஒண்ணு 'முழு டேப்'. இன்னொண்ணு 'பாட்டு மட்டும்'. எதுல நான் டிக் போட்டுக் கையெழுத்துப் போடறேனோ அதுதான் வெளிய வரும். இன்னைக்கு நாலு மணிக்குப் பட்டரவாக்கம் ஸ்டேஷன்கிட்ட டில்லிபாபுவோட கடையில மூணு பேரும் உட்காரணும், நான் பேப்பரைக் குடுக்கணும். டில்லிபாபுதான் எங்க டிரம்மு. பிரஸ்ஸை அடிச்சவன். நான் ரெண்டு கட்டத்துலயும் போடப் போறதில்ல. கிழிச்சி ஜெசிந்தா முன்னாடி போட்டுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிடுவேன். அந்த முடிவோடதான் காலையில கிளம்பினேன்.

ஏன்னா எனக்கு அருவருப்பா இருக்கு தம்பி. இந்தப் பனியன், இந்த ஒயரு, இந்த நட்சத்திரம். எல்லாமே. ஜன்னலைக் கொஞ்சம் சாத்து, காத்து மூஞ்சில அறையுது.

எப்படிப் பொறந்திச்சின்னு நான் சொல்றேன், நெட்ல எழுதினவனை விடு. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன பிரஸ் ஷாப். மொத்தம் பதினோரு பேர். லாரிக்குப் போற பிராக்கெட், வாஷர், இதெல்லாம் அடிப்போம். நான் டை செட்டர். தகட்டை வெட்டற அச்சுதான் டை, அதை மெஷின்ல பூட்டி, அளவு சரி பார்த்து, ஓட்டலாம்னு சொல்றது என் வேலை. நான் சொன்னாத்தான் மெஷின் ஓடும். டில்லி ஆபரேட்டர். ஜெசிந்தா இன்ஸ்பெக்ஷன்ல, அடிச்ச பீஸை அளந்து பார்த்து, சரியில்லன்னா சிவப்பு மையில 'ரிஜெக்ட்'னு முத்திரை குத்துவா. நிமிஷத்துக்கு நாப்பது அடி அடிக்கணும். ஆறு நாள் அந்தச் சத்தத்துல நின்னுட்டு வீட்டுக்குப் போனா, படுத்தாலும் காதுல ணங்கு ணங்குன்னு அதுதான் ஓடும். பக்கத்து வீட்டு ரேடியோல சினிமாப் பாட்டு வரும், அம்மாடி, அந்த வயலினு, அந்தக் கொஞ்சலு, பாயசத்துல வெல்லத்தை இன்னும் ரெண்டு அச்சு போட்ட மாதிரி குமட்டிக்கிட்டு வரும் எனக்கு.

ஜெசிந்தாவோட அண்ணன் கப்பல்ல வேலை. அவரு கொண்டாந்த கேசட்டுங்கள்ல பங்க்குன்னு வெளிநாட்டுக் கத்தல் பாட்டு கொஞ்சம் இருந்திச்சு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஒரு நாள் டூ-இன்-ஒன்ல போட்டா. டில்லி டிபன் பாக்ஸை அப்படியே வெச்சிட்டுக் கேட்டான். "இன்னா மச்சான், இவனுங்களுக்குப் பாடவே தெரியல, ஆனா நிறுத்த மனசு வரலியே" அப்படின்னான். அவ்வளவுதான். அதுதான் பொறப்பு. தொழிலாளி வர்க்கத்தோட ஆவேசமெல்லாம் அப்புறம் எழுதினவனுங்க சேர்த்தது.

ஞாயித்துக்கிழமை மெஷினுக்கு ஆயில் போடறதுக்காக முதலாளி சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போவாரு. ஆயில் போட்டுட்டு வாசிப்போம். எனக்கு ஒரு பழைய கிதாரு, ரேடியோ கடைக்காரர் பண்ணிக் குடுத்த ஆம்ப்ளிஃபையரு. டில்லிக்கு முப்பது டன் பிரஸ். ஜெசிந்தா பாடறதுக்கு வார்த்தை எங்க இருந்து எடுத்தா தெரியுமா? ரிஜெக்ஷன் சீட்டுல இருந்து. 'பர் இருக்கு. அளவு இல்ல. ஓட்டை நடுவுல இல்ல. திருப்பி அனுப்பு.' இதுதான் பாட்டு. பர்னா வெட்டின ஓரத்துல நிக்கிற பிசிறு. இதையே பதினோரு விதமா கத்துவா. பக்கத்து ஷாப்புல ஓவர்டைம் பார்க்கறவனுங்க முதல்ல ஆறு பேர் வந்து நின்னானுங்க, அடுத்த மாசம் நாப்பது பேர், ஸ்கிராப் குவியல் மேல ஏறி நின்னுக்கிட்டு.

சட்டமெல்லாம் நான் போட்டது. காதல்னு ஒரு வார்த்தை வந்தா வெளிய போ. ராகம் வந்தா வெளிய போ. எவனாவது கை தட்டினா பாட்டையே நிறுத்திடுவேன். பாட்டுன்னா நாப்பது அடி, ஒரு நிமிஷம், முடிஞ்சிடணும். கவனிச்சியா தம்பி? நாப்பது. இருபத்தேழு இல்ல. அப்புறம் எப்படி இருபத்தேழு ஆச்சுன்னு நீ கேக்கணும்ல? கேளு.

செப்டம்பர் மாசம், ஞாயித்துக்கிழமை, காலையில பதினோரு மணி. ஜெசிந்தா டூ-இன்-ஒன்ல ரெக்கார்டை அமுக்கி வெச்சிட்டா. டில்லி அடிக்க ஆரம்பிச்சான். வெறும் டைல அடிச்சா சத்தம் செத்துப் போகும், தகடு வெச்சி அடிச்சாத்தான் அந்த ணங்கு வரும், அதனால இடது கையால தகட்டைத் தள்ளிக்கிட்டே வலது கையால பட்டனை அமுக்கினான். ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால அமுக்கினாத்தான் மெஷின் இறங்கும், அதுக்காக அவனே ஒரு பட்டனை ஒயரு போட்டுக் கட்டிக்கிட்டான். இருபத்தாறு அடி ஒழுங்கா போச்சு. இருபத்தேழாவது அடியில இடது கை உள்ள இருந்திச்சு. மூணு விரல். நான் ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணினேன். கரென்ட் போனதும் டேப்பும் நின்னுடிச்சு. அதான் கத்தலோட பாட்டு முடியுது.

ஆமா. அந்தக் கத்தல் அதுதான்.

என்ன, ஒயரைச் சுத்திச் சுத்திப் பார்க்கற? பாரு. நல்லா பாரு. கேசட்டு அட்டையில ஜெசிந்தா வரைஞ்சிருந்தா, ரெண்டு பட்டன், ஒண்ணுல மட்டும் செவப்புச் சுத்து. அதைப் பார்த்துத்தான் நீங்கல்லாம் கையில கட்டிக்கிட்டீங்க. தொழிலாளியோட கட்டுன்னு எதையோ சொல்லிக்கிறீங்க.

டில்லியை ஆஸ்பத்திரியில சேர்த்தோம். முதலாளி வந்தாரு, பார்த்தாரு, "அவனே கட்டிக்கிட்டான், அவனே மாட்டிக்கிட்டான், நான் என்ன பண்ண முடியும்"னு கையை விரிச்சிட்டாரு. மூணு மாசத்துல அவனை வேலையை விட்டு எடுத்துட்டாரு. டில்லியோட அம்மா என் சட்டையைப் பிடிச்சிக்கிட்டு, "நீ பெரியவன்தானே, பக்கத்துல இருந்து பார்த்துக்கக் கூடாதா"ன்னு அழுதாங்க. "அவன் சொன்னா கேக்கறதில்லம்மா"ன்னு சொன்னேன்.

சரி, அதை விடு. பரவின கதைக்கு வர்றேன், அதுதான் இன்னும் கேவலம். ஜெசிந்தா அந்த டேப்பைக் காப்பி எடுத்து நாலு பேருக்குக் குடுத்தா. பெங்களூர்ல அவ சித்தி மகன் ஒருத்தன், வேலூர்ல ஒரு ஹாஸ்டல். அங்க இருந்து காப்பிக்குக் காப்பி. கோயமுத்தூர்ல பம்பு ஃபவுண்டரியில வேலை பார்க்கற அஞ்சு பேர் சம்மட்டி வெச்சி அடிச்சானுங்க. அதுலயும் இருபத்தேழாவது அடியில ஒரு கத்து. திருப்பூர்ல பனியன் கம்பெனியில நிட்டிங் மெஷினை வெச்சி ஒரு கோஷ்டி. சிவகாசியில காகிதம் வெட்டற மெஷின். எல்லாரும் இருபத்தேழுல கத்தறானுங்க! ஏன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. டேப்புல அப்படி இருக்கு, அதனால அப்படித்தான்னு நெனச்சிக்கிட்டானுங்க. ஒருத்தன் இருமினது டேப்புல விழுந்திருந்தா ஊரே இருமியிருக்கும்.

அதுவரைக்கும்கூடப் பரவாயில்லன்னு விட்டிருப்பேன், அவனுங்க கையில எண்ணெயாவது இருந்திச்சு. அப்புறம் காலேஜ் பசங்க வந்தானுங்க. எங்க பிரஸ்ஸோட சத்தத்தை வெட்டி லேப்டாப்புல வெச்சிக்கிட்டானுங்க. விரலால ஒரு தட்டு தட்டினா ணங்கு. ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு! டைன்னா என்னன்னு தெரியுமா அவனுக்கு? பர் கிழிச்சி ரத்தம் வந்திருக்கா ஒரு நாளாவது? அப்புறம் பனியன் வந்திச்சு. அப்புறம் ஏதோ பைக்கு விளம்பரத்துல அந்த அடியைப் போட்டானுங்க, பைக்கு மலை ஏறுது, பின்னாடி ணங்கு ணங்கு. டீக்கடையில அதைப் பார்த்துட்டு டீயை அப்படியே துப்பிட்டேன். த்தூ. கடைக்காரர், "சக்கரை அதிகமா சார்"ன்னாரு.

பிஸ்கெட்டா? ஒண்ணு குடு.

போன வருஷம் பெங்களூர்ல ஒரு இடத்துல பிரஸ் பங்க்குன்னு போஸ்டர் பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம். ஓசூர்ல இருந்து பக்கம்தானே, போய்த்தான் பார்ப்போமேன்னு போனேன். உள்ள நடுவுல ஒரு பிரஸ் மெஷினு, நிஜ மெஷினு, எந்த ஷாப்பு மூடினதுன்னு தெரியல, அதுக்கு ரோஸ் கலர் பெயின்ட் அடிச்சி வெச்சிருக்கானுங்க. அதுமேல கிளாஸ் வெச்சிக் குடிக்கிறானுங்க. மேடையில ஒரு பையன் எங்க பாட்டைத்தான் வாசிச்சான். இருபது வந்திச்சு, எல்லாரும் எண்ண ஆரம்பிச்சானுங்க, இருபத்தொண்ணு, இருபத்திரண்டு... புது வருஷத்துக்கு எண்ணுவாங்களே அந்த மாதிரி, சிரிச்சிக்கிட்டே. இருபத்தேழு. முந்நூறு பேரு கத்தினானுங்க. டில்லியோட கத்தலு, அப்படியே. அந்தக் கடைசியில குரல் உடையும் பாரு, அதுகூட விடல. கத்தி முடிச்சிட்டு ஒருத்தனை ஒருத்தன் கட்டிப் பிடிச்சிக்கிறானுங்க. நான் வெளிய வந்து சாக்கடை ஓரமா உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். ஒரு பொண்ணு ஓடி வந்து முதுகைத் தடவி விட்டிச்சு. அது கையிலயும் ஒயரு.

நீயும் கத்தியிருக்கியா? கத்தியிருப்ப. சொல்ல வேணாம்.

இப்படி ஒருத்தனோட வலியை எடுத்து விளையாடுற ஜனங்க. இதுக்கு ரெக்கார்டு வேற. ஜெசிந்தாவுக்கு புத்தி எங்க போச்சு? அவளுக்குத் தெரியும்ல, அங்கதானே நின்னா? அதைவிட எனக்கு டில்லி மேலதான் கோபம். போன வாரம் போன் பண்ணினேன். அவன் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கான், பாஸ்போர்ட் போட்டோ எடுக்கறான், இடது கையில மிச்சம் இருக்கிற ரெண்டு விரலால பேப்பரை எண்ணுவான் பாரு, பேங்க்குக்காரன் தோத்தான். "டேய், உன் விரல் போனதை ஊருக்குப் போட்டுக் காட்டப் போறியா, உனக்கு மானம் ரோஷம் இல்லையா"ன்னு கேட்டேன்.

சிரிக்கறான். "அது நம்ப பாட்டு மச்சான். என் கொரலு அதுல நல்லா வந்துகீது"ங்கறான்.

"சரி, எதுக்குடா முழு டேப்பு? பாட்டு மட்டும் போதாதா?"

கடையில மெஷின் ஓடறது கேக்குது. அப்புறம் சொல்றான், "நான் ஒண்ணும் சொல்லல மச்சான். அன்னிக்கு நான் வெட்டினேன். இன்னிக்கு நீ சொல்லு. நீ எத்த சொல்றியோ அத்தயே போட்டுக்கலாம்னு ஜெசிந்தாகிட்ட சொல்லிட்டேன்."

எனக்கு ஒண்ணும் புரியல. என்னடா வெட்டினன்னேன். அப்பத்தான் சொன்னான். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் ஜெசிந்தாகிட்ட டேப்பைக் கேட்டு வாங்கியிருக்கான். முழுசா கேட்டிருக்கான். கட்டுப் போட்ட கையோட, ஒத்தைக் கையால, முதல் அடி எங்க விழுதோ அங்க இருந்து வேற கேசட்டுல காப்பி எடுத்திருக்கான். அந்தக் காப்பியைத்தான் ஜெசிந்தாகிட்ட குடுத்து, ஊருக்குக் குடுக்கச் சொல்லியிருக்கான். ஊர் உலகத்துல இருக்கறதெல்லாம் அந்தக் காப்பியோட காப்பி. அசலைப் பெட்டியில போட்டுப் பூட்டி வெச்சிருந்தான், இருபத்தஞ்சு வருஷம். போன வருஷம் வீடு மாத்தும்போது ஜெசிந்தாகிட்ட குடுத்திருக்கான், பூஞ்சை பிடிக்கறதுக்குள்ள ஏதாவது பண்ணுன்னு. பாட்டுக்கு முன்னாடி நாலு நிமிஷம் இருக்காம் அதுல.

பாட்டு நேரா அடியில ஆரம்பிக்குதே, அதான் இந்த வகைக்கே அழகுன்னு உங்க ஆளுங்க எழுதறானுங்கல்ல? முன்னுரை கிடையாது, மரியாதை கிடையாது, எடுத்ததும் அடின்னு? அந்த அழகு டில்லி வெட்டினது. என்னைக் கேக்காம வெட்டினது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல? அதான் என் கோபம்.

இப்ப எங்க இருக்கோம்? ஸ்ரீபெரும்புதூர் தாண்டிடிச்சா. நான் பூந்தமல்லியில இறங்கி வேற பஸ் மாறணும். 

அந்த நாலு நிமிஷத்துல என்ன இருக்குன்னுதானே பார்க்கற? நான் கேக்கல. ஜெசிந்தா போன்ல அனுப்பியிருக்கா, நான் அமுக்கல. அமுக்கணுமா? எனக்கு மனப்பாடம். முதல்ல டில்லி பேசுவான். "வேணாம் மச்சான், ரெண்டு கையாலயே அடிக்கிறேன், கொஞ்சம் ஸ்லோவாவே போவட்டும்." நான், "ஸ்லோவா போனா அது பஜனைடா." அவன், "வெறும் டைல அடிக்கட்டா? தகடு வேணாமே." நான், "சத்தம் செத்துடும். தகடு வெய்யி." அவன், "கை டைகிட்ட போவுது மச்சான், பயமாகீது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் பூட்டின டைடா இது, எனக்குத் தெரியாதா? நகரு, நானே கட்டறேன்." அப்புறம் கட்டிங் பிளேயர் சத்தம் கேக்கும். ஒயரை வெட்டற சத்தம். ஜெசிந்தா குரல், "எதிராஜ், வேணாம்." நான், "நீ பாடறதைப் பாரு."

நான்தான் கட்டினேன் தம்பி. டில்லி இல்ல. செட்டர் நான், ஓட்டலாம்னு சொல்ல வேண்டியவன் நான், கட்டினவனும் நான். அவன் ரெண்டு தடவை வேணாம்னான். மெயினை ஆஃப் பண்ணினேன்னு சொன்னேன்ல, அது நிஜம். அதுக்கப்புறம் ஓடிப்போய் அவன் கையைப் பிடிச்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். முதல்ல ஒயரைத்தான் கழட்டினேன். கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். அப்புறம்தான் அவன்கிட்ட போனேன். முதலாளி கேட்டப்போ, "அவனே கட்டிக்கிட்டான் சார், நான் பார்த்துட்டுக் கழட்டினேன்"னு சொன்னேன். டில்லி அங்கதான் ஸ்ட்ரெச்சர்ல படுத்திருந்தான். முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தான். என்னைப் பார்த்தான். ஒண்ணும் சொல்லல. இத்தனை வருஷத்துல ஒரு தடவை சொல்லல. பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணி "மச்சான், நல்லாகிறியா"ன்னுதான் கேப்பான். அதுதான் எனக்குச் சகிக்கல. ஒரு தடவை திட்டித் தொலைச்சா என்ன?

என் வகுப்புல ஒருத்தன் கேட்டான், சார், நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களான்னு. பார்த்திருக்கேன்னேன். யாரு சார் கட்டினதுன்னான். அவனேதான்பான்னு சொல்லிட்டேன். வாய்ல தானா வருது. அவ்வளவு பழகிடிச்சு. இன்னைக்கு உன்கிட்டக்கூட முதல்ல அப்படித்தான் சொன்னேன், பார்த்தியா.

அப்பாடா. சொன்னதும் நெஞ்சு லேசா இருக்கு தம்பி. நிஜமா. பசிக்கக்கூடச் செய்யுது. அந்தப் பிஸ்கெட்டு இன்னொண்ணு இருந்தா குடேன். பூந்தமல்லி வந்திடிச்சு போல, பாலம் தெரியுது. பேனா வெச்சிருக்கியா? ஒரு நிமிஷம் குடு. கிழிக்கறதெல்லாம் வேணாம். கிழிச்சா, ஏன் கிழிச்சன்னு ஜெசிந்தா குடைவா, பேச்சு எங்கெங்கயோ போகும். நானும் யோசிச்சிப் பார்த்தேன். சொல்ல வேண்டியதை ஒருத்தன்கிட்ட சொல்லியாச்சு. மனசுல வெச்சிக்காம முழுசா சொல்லியாச்சு. அப்புறம் ரெக்கார்டுல வேற போட்டு ஊருக்கே தண்டோரா அடிக்கணுமா? வேலையில இருக்கறவன் நான். ரிடயர் ஆக இன்னும் ஏழு வருஷம் இருக்கு. பசங்க கேப்பானுங்க.

இதோ. 'பாட்டு மட்டும்.' டிக். கையெழுத்து. தேதி. முடிஞ்சிது.

டில்லி ஒண்ணும் கேக்க மாட்டான். வாங்கி வெச்சிட்டு டீ சொல்லுவான். ஜெசிந்தாதான் கேப்பா, ஏன் எதிராஜ், முழுசா விட்டா என்னன்னு. அதுக்கும் யோசிச்சிட்டேன். பஸ்ல ஒரு ரசிகன் பக்கத்துல உட்கார்ந்து வந்தான், ஓசூர்ல இருந்து ஒரே பிடிவாதம், பாட்டு மட்டும் போதும் சார், முன்னாடி பேச்செல்லாம் வேணாம் சார்னு அவனேதான் சொன்னான், இந்தக் காலத்துப் பசங்க விருப்பம் அப்படி இருக்கு, நான் என்ன பண்றதுன்னு சொல்லிடறேன். உனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லையே?

ஏன் எழுந்திரிக்கற? கோயம்பேடு இன்னும் வரல, நான்தான் இங்க இறங்கணும். பின்னாடியா? பின்னாடி சீட்டே இல்ல, நிக்கணும். என்னப்பா மூஞ்சியை அப்படி வெச்சிக்கிட்டுப் பார்க்கற? பேனாவாவது வாங்கிக்கோ. வேணாமா? சரி, பேராவது சொல்லிட்டுப் போப்பா. அவ கேட்டா ஒரு பேர் சொல்லணும்ல.